கணினித் தொழில்: மருமகன் சொன்ன ‘ஏலாது’

இந்தப் பத்தியை வாசிக்கும் சகோதரர்கள் பலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். மகன் கணினிப் படிப்பை முடித்துவிட்டான். வேலைக்குப் போக விருப்பமில்லை, சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறான். பத்துப் பதினைந்து இலட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா? துணியோ அரிசியோ இரும்போ என்றால் வாப்பாமாருக்கு விளங்கும். சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விலையை நாலு கடையில் விசாரிக்கலாம். மென்பொருளை எங்கே தொட்டுப் பார்ப்பது? அதனால்தான் பயம்.

நான் சாதாரண தரம் வரை படித்தவன். புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவன். வயர், சுவிட்ச், பல்ப் இவைதான் நான் அறிந்த உலகம். ஆனால் இந்தக் கணினித் தொழிலில் இரண்டு முறை காசு போட்டிருக்கிறேன். முதல் முறை போட்டது முழுவதும் போனது. இரண்டாம் முறை போட்டது நிற்கிறது. அந்த இரண்டையும் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

போன காசு

2004ஆம் ஆண்டு. நண்பர்கள் மூவர் சேர்ந்தோம். ஆளுக்கு நாலு இலட்சம். ஒரு மாடிக் கடையை வாடகைக்கு எடுத்து, வாசலில் பெரிய பலகை மாட்டினோம். கணினி பொருத்தி விற்றோம். பிரின்டருக்கு மை நிரப்பிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினோம். ஹோட்டல் ஒன்றுக்கு இணையத்தளம் செய்தோம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுத்தோம். யார் எதைக் கேட்டு வந்தாலும் “செய்து தருகிறோம்” என்பதுதான் எங்கள் பதில். ஒவ்வொரு “செய்து தருகிறோம்” என்பதற்கும் ஒரு புதிய ஆள், ஒரு புதிய சாமான், ஒரு புதிய கடன் தேவைப்பட்டது.

இதில் இன்னொரு பிழையும் இருந்தது. அது முழுக்க என்னுடையது. வயர் வியாபாரத்தில் சரக்கைப் பிடித்து வைத்தால் நட்டமில்லை. செம்பு விலை ஏறும்போது பழைய சரக்கே இலாபம் தரும். அந்தப் பழக்கத்தில் கணினி உதிரிப் பாகங்களையும் மலிவாகக் கிடைத்தபோது மொத்தமாக வாங்கி அடுக்கினேன். அந்தச் சாமான் தட்டில் இருக்க இருக்க விலை இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் அதைவிட நல்லது அதைவிடக் குறைந்த விலைக்கு வந்துவிட்டது. 2007இல் கடையைப் பூட்டினோம். பூட்டிய அன்று மூவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஒருவர் கேட்டார்: “சரி, நாம இந்தக் கடையை யாருக்காகப் போட்டோம்?” மூவருக்கும் பதில் தெரியவில்லை.

தகரப் பெட்டி

2016இல் என் தங்கையின் மகன் வந்தான். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதும் ஒரு கொழும்புக் கம்பனியில் ஐந்து வருடம் வேலை செய்தவன். கையில் ஒரு தாள். அதில் பதினொரு தொழில் யோசனைகள். ஒவ்வொன்றையும் விளக்கினான். எனக்குப் பழைய மாடிக் கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. “மகன், இந்தத் தாளை மடிச்சி வைங்க. ஒரு மாதம் நம்ம கடையில வந்து இருங்க. சம்பளம் இல்லை, பகல் சாப்பாடு உண்டு” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து நின்றான்.

கடைக்கு வருபவர்கள் எதைக் கேட்கிறார்கள், ஒரு சுருள் வயரை யார்டு கணக்கில் வெட்டி விற்கும்போது கையிருப்பு எப்படிப் பிழைக்கிறது என்றெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தான். ஆனால் அவன் கண் போய் நின்றது, எங்கள் கெஷியரின் மேசைக்குள் இருந்த பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில். அதற்குள்தான் செக் கட்டுகள் இருந்தன.

மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஊர்க் கடைகளுக்குச் சரக்குக் கொடுப்பது 60 நாள், 90 நாள் திகதி போட்ட செக்குகளுக்கு. நாங்கள் இறக்குமதியாளருக்குக் கொடுப்பதும் அப்படியான செக்குகள்தான். ஒரு நாளில் ஆறு இலட்சம் வர வேண்டும், ஐந்தரை இலட்சம் போக வேண்டும். வர வேண்டியதில் ஒன்று திரும்பினால் போக வேண்டியதில் ஒன்று தடுமாறும். நம் செக் ஒன்று திரும்பினால் தெருவில் நம் பெயர் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பு இதில் கொஞ்சம் மூச்சுவிட இடமிருந்தது. வெளியூர் வங்கிச் செக் ஒன்று கணக்கில் சேர ஒரு வாரத்துக்கும் மேல் எடுக்கும். அந்த நாட்களை நம்பியே பலர் வியாபாரம் செய்தோம். 2006இல் லங்காகிளியர் நிறுவனம் செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துச் செக்காக இருந்தாலும் அம்பாந்தோட்டைச் செக்காக இருந்தாலும் அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மூச்சுவிடும் இடம் போய்விட்டது. பிறகு 2015இல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் மாற்றும் ‘செஃப்ட்ஸ்’ முறை வந்தது. அதனால் இன்று எந்தச் செக் வருகிறது என்பது காலையிலேயே தெரிந்தால், குறைகிற காசை எங்கிருந்தாவது அன்றே கணக்கில் சேர்த்துவிடலாம். ஆக, காலை எட்டு மணிக்குக் கிடைக்கும் சரியான தகவலுக்குக் காசுப் பெறுமதி வந்துவிட்டது. எங்களிடமோ அந்தத் தகவல் கெஷியரின் கொப்பியிலும் தகரப் பெட்டியிலும் கிடந்தது. 2013இல் ஒரு முறை வெள்ளிக்கிழமை போயா வந்து, மூன்று நாள் செக்குகள் ஒன்றாகத் திங்களன்று விழுந்தன. கொப்பியில் மூன்று பக்கத்தில் இருந்ததை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நாலு இலட்சத்து இருபதினாயிரம் ரூபா செக் ஒன்று திரும்பிவிட்டது. அந்த இறக்குமதியாளர் முன்னால் நான் நின்ற நிலை இன்றும் மறக்கவில்லை.

மாத முடிவில் மருமகன் தன் தாளைக் கிழித்துப் போட்டான். “மாமா, இந்தத் தகரப் பெட்டிதான் என்ட தொழில்” என்றான்.

இது புதுமையான கதையல்ல. இந்தியாவின் ‘டேலி’ கணக்கு மென்பொருளை நம்மில் பலர் அறிவோம். பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகமும் விற்றுக்கொண்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் கணக்கைப் பார்க்க ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தன் மகன் பாரத் கோயங்காவிடம் ஒன்றைச் செய்து தரச் சொன்னார். அதிலிருந்து 1986இல் பிறந்ததுதான் அந்தக் கம்பனி. அக்காலத்து மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இலக்கம் கொடுத்து அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் அந்த இலக்கத்தை எடுத்துவிட்டு, ஆளின் பெயரைச் சொன்னால் கணக்கு வரும்படி செய்தார்கள். கணக்குக் கொப்பியில் நாம் பெயரைத்தானே தேடுகிறோம்? வாப்பா வியாபாரி என்பதால் மகனுக்கு அது விளங்கியது.

எழுதி வைத்தது

பன்னிரண்டு இலட்சம் கொடுத்தேன். கடனாக அல்ல, பங்காக. இலாபத்தில் எனக்கு 40 வீதம். என் பக்கம் முதல், அவன் பக்கம் உழைப்பு. தங்கை மகன்தானே என்று வாய்ப்பேச்சில் விடவில்லை. சட்டத்தரணி முன் எழுதினோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தோம், இரண்டு வருடம் கழித்து 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக மாற்றினோம். உடன்படிக்கையில் அவன் கேட்டு எழுதிய ஒரு வரி இருந்தது. மென்பொருளில் எது இருக்கும், எது இருக்காது என்பதை அவனே தீர்மானிப்பான், பங்காளி தலையிட முடியாது என்பது. நான் பெரிதாக யோசிக்காமல் கையொப்பம் வைத்தேன். அந்த வரி பின்னால் எனக்கே விலை வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு இலட்சத்தில் கணினிக்கும் மேசைக்கும் போனது ஒன்றரை இலட்சம்கூட இல்லை. மீதி முழுவதும் காத்திருப்பதற்கான காசு. இதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் விலை வைப்பதில் எங்கள் இருவருக்கும் முதல் தர்க்கமே இதில்தான் வந்தது. ஒரே தடவையாக 40,000 ரூபாவுக்கு விற்றுவிடு என்றேன். நம் ஆட்களுக்கு மாதாமாதம் கட்டுவது பிடிக்காது, ஒரே விலையைப் பேசிக் குறைத்து வாங்கித்தான் பழக்கம். அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். முதல் வருடம் முப்பது கடை என்றால் பன்னிரண்டு இலட்சம், நல்ல வியாபாரம் போலத் தெரியும். இரண்டாம் வருடம் புதிதாகப் பத்துக் கடைதான் வரும், நாலு இலட்சம். ஆனால் நாற்பது கடையிலிருந்தும் தொலைபேசி வரும். ஐந்தாம் வருடம் நூறு கடைக்கு ஓடி ஓடி வேலை பார்க்க வேண்டும், பெட்டியில் புதுக்காசு விழாது. அப்போது தொலைபேசியை எடுக்காமல் விடுவதுதான் ஒரே வழி. கணினிக்காரர்கள் விற்ற பிறகு தொலைபேசி எடுப்பதில்லை என்று நாம் திட்டுகிறோமே, அதில் பாதி அந்த விலையின் கோளாறு. அவன் மாதம் 2,000 ரூபா வைத்தான். பிடிக்காவிட்டால் எந்த மாதமும் நிறுத்தலாம். முதல் மூன்று மாதத்தில் நாலு கடைதான் சேர்ந்தன. பதினெட்டு மாதம் கையிலிருந்த காசைத் தின்றுதான் தொழில் வளர்ந்தது.

சிறு வேலைகள்

வேலையின் அருமை சிறு விஷயங்களில்தான் இருக்கிறது. போயா நாளும் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையும் வங்கி நாள்காட்டியில் இருக்க வேண்டும், அந்தத் திகதிச் செக்குகள் தானாக அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிக் கூட்டப்பட வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு முதலாளியின் கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: இன்று வருவது இவ்வளவு, போவது இவ்வளவு.

குறுஞ்செய்தியைத் தமிழில் கேட்டவன் நான்தான். ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் முதலாளிமார் பலர் இருக்கிறார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் என்றால், தமிழிலும் சிங்களத்திலும் 70தான். மிஞ்சினால் இரண்டாவது, மூன்றாவது செய்தியாகக் கணக்கிட்டுக் காசு வெட்டுவார்கள். தமிழில் ஒரு ‘கி’ போட்டால் அதுவே இரண்டு இடம் பிடிக்கும். மருமகன் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தச் செய்தியை 70க்குள் சுருக்கினான். ரசீது அச்சிடும் சிறிய பிரின்டர்களில் தமிழ் எழுத்து உள்ளே இல்லை என்பதால், எழுத்தைப் படமாக்கி அச்சிட வைத்தான். இணையம் இல்லாவிட்டாலும் கடைக்குள் வேலை நடக்க வேண்டும், இணைப்பு வந்ததும் தானாகச் சேர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே செய்துவைத்தான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, பழைய மடிக்கணினியிலும் எங்கள் கடைக் கணக்கு ஓடியதற்கு அதுதான் காரணம்.

பிழைகளும் இல்லாமலில்லை. 2017இல் நாட்டில் டெங்கு பரவி ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதில் அவனும் ஒருவன். பத்து நாள் ஆஸ்பத்திரியில். மென்பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த வேறு ஆளில்லை. ஒரு கடையில் கணினி பழுதாகி, எடுத்து வைத்திருந்த பிரதியும் திறக்கவில்லை. பிரதி எடுப்பது மட்டும் போதாது, அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஐந்து நாள் அந்தக் கடையில் இரண்டு பையன்கள் செக்கட்டுகளை வைத்து மறுபடி பதிந்தார்கள்.

குணமாகி வந்ததும் முதல் வேலையாக ஆள் எடுத்தான். பட்டதாரி கேட்டால் பெரிய கம்பனிச் சம்பளம் கேட்பார்கள். அவன் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த இருவரை எடுத்து ஒரு வருடம் பழக்கினான். சென்னையில் 1996இல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘ஸோஹோ’ என்று அறியப்படும் கம்பனியும் பாடசாலை முடித்த பிள்ளைகளைத் தானே பயிற்றி வேலைக்கு வைத்துக்கொள்கிறது, தென்காசி போன்ற ஊரிலும் வைத்து நடத்துகிறது. வெளியார் முதலீடு வாங்காமலே வளர்ந்த கம்பனி அது. நம் ஊர்களில் எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்று ஆட்டோ வாங்கிக் காத்திருக்கிறார்கள். ஆள் எடுத்த மாதத்திலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி பக்கம் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலைக்கிருந்தாலும் அது கடமை. சின்னத் தொழில்தானே என்று விட்டால் பின்னர் தண்டப் பணத்தோடு சேர்ந்து வரும்.

வேண்டாம் என்றவை

இனித்தான் முக்கியமான இடம். மாடிக் கடையில் நாங்கள் எல்லாவற்றுக்கும் சரியென்றோம். இவன் எதற்கெல்லாம் மறுத்தான் என்பதைச் சொல்கிறேன்.

2018 தொடக்கத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட்காரர் தன் மூன்று கிளைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கேட்டார். பன்னிரண்டு இலட்சம், பாதி முற்பணம். அந்த மாதம் சம்பளம் கொடுக்க நான் மேலும் மூன்று இலட்சம் போட்டிருந்தேன். எடு மகன் என்றேன். “அவங்க கைக்காசுக்கு விக்கிற ஆக்கள் மாமா. அவங்களுக்குச் செக் பிரச்சினை இல்லை. இதை எடுத்தா ஆறு மாசம் நம்ம கடைகள்ட போனை யாரு எடுக்கிற?” என்றான். விட்டுவிட்டான். அது சரியான முடிவுதானா என்பதில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை. அந்தக் காசு இருந்திருந்தால் இன்னும் இரண்டு பேரை முன்கூட்டியே எடுத்திருக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் சேர்ந்த இருபத்தைந்து கடைகள் இன்றும் இருக்கின்றன என்பதும் உண்மை.

அடுத்தது 2024. அந்த ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லையும் எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடியாக இறக்கப்பட்டது. அதுவரை வெளியே இருந்த பல மொத்தக் கடைகள் உள்ளே வந்தன. அப்போதுதான் சிலர் கேட்டார்கள், பில்லில்லாத விற்பனைக்குத் தனியாக ஒரு பக்கம் போட்டுத் தர முடியுமா என்று. கேட்டவர்களில் எனக்கு வேண்டிய ஒருவரும் இருந்தார். மருமகன் மறுத்தான். நேர்மை பற்றி அவருக்குப் பாடம் நடத்தவில்லை. “ஹாஜியார், வித்த காசை மறைக்கிற பொத்தான் ஒண்டை நான் வெச்சுத் தந்தா, அதை முதல்ல பழகுற ஆள் உங்கட கெஷியர்” என்றான். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டார். அவரோடு ஐந்து கடைகள் போயின. திரும்பி வந்தது ஒன்றுதான்.

இப்போது என் கதை. 2018 இறுதி. மலைநாட்டு நகரொன்றில் எங்களிடம் வழக்கமாக மூன்று நாலு இலட்சத்துக்குச் சரக்கெடுக்கும் கடைக்காரர், ஒரேயடியாகப் பதினெட்டு இலட்சத்துக்கு ஓடர் கொடுத்தார். 90 நாள் செக்குகள். எனக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. அவர் சரக்கெடுக்கும் வேறு இரண்டு மொத்தக் கடைகளும் மருமகனின் மென்பொருளைத்தான் பாவிக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அழைத்தேன். “மகன், அவர்ட செக் மத்த ரெண்டு இடத்திலயும் ஒழுங்காப் போகுதா எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க” என்றேன்.

“மாமா, அது ஏலாது.”

“நான் பங்காளி.”

“பங்காளி எண்டாலும் ஏலாது. அது அவங்கட பெட்டி.”

உடன்படிக்கையின் அந்த வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் காசில் ஓடும் தொழில், என் தங்கையின் மகன், எனக்கே இல்லை என்கிறான். மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. தங்கை அழைத்தும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பழைய முறையில் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தேன். நல்ல ஆள் என்றார்கள். சரக்கை அனுப்பினேன். முதல் செக்குகள் போயின. 2019 ஏப்ரல் சம்பவங்களுக்குப் பிறகு வியாபாரம் படுத்தது. கடைசி இரண்டு செக்கும் திரும்பின. ஏழு இலட்சத்து நாற்பதாயிரம். தவணையாக இரண்டு இலட்சம் போல் தந்தார். மீதி இன்றுவரை இல்லை. அதை நான் மருமகன் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் அவனிடம் சொல்லியும் காட்டினேன். அவன் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம்தான், முதலாளி தன் இரகசிய எண்ணைக் கொடுத்தாலொழிய தன் ஊழியர்கள்கூட எந்தக் கடையின் செக்கையும் பார்க்க முடியாதபடி மென்பொருளை மாற்றினான்.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. பழைய விலைக்கு விற்ற வயருக்குப் பதிலாக அதே அளவு வயரை வாங்க, விற்ற காசு போதவில்லை. ஊர்க் கடைகளின் செக்குகள் வரிசையாகத் திரும்பின. முப்பத்து நாலு வருட வியாபாரத்தில் முதல் தடவையாக, நான்கு இறக்குமதியாளர்களை அழைத்து, இருபத்தாறு இலட்சம் ரூபா செக்குகளுக்குத் திகதி தள்ளிக் கேட்டேன். மூவர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு நாள் கழித்து ஒத்துக்கொண்டார்.

அந்த நால்வரில் இருவர் மருமகனின் வாடிக்கையாளர்கள். நான் யாரிடம் எவ்வளவு தள்ளிக் கேட்டேன் என்பதும், எங்களுக்கு எந்தெந்தச் செக் திரும்பியது என்பதும் முழுவதும் அந்த மென்பொருளில் கிடந்தன. அவர்களில் ஒருவர் மருமகனை அழைத்து, “இந்த ஆள் மத்தவங்கள்ட்ட எவ்வளவு நிக்கிறாரு எண்டு ஒருக்காப் பாருங்க” என்று கேட்டிருக்கக்கூடும். கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்தத் தகவல் வெளியே போயிருந்தால் ஒரே பகலில் என் கடை முடிந்திருக்கும். யாரும் சரக்குத் தந்திருக்கமாட்டார்கள். அதே வருடம் நாட்டில் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. அவன் அந்தச் சட்டத்துக்கு நாலு வருடம் முன்பே மறுத்திருந்தான்.

நோன்புப் பெருநாள் முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். அந்த ஏழு இலட்சத்து நாற்பதாயிரத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இன்றைய கணக்கு

இப்போது 210 கடைகள் இருக்கின்றன. மாதக் கட்டணம் 4,500 ரூபா. முழுவதும் வந்தால் 945,000. ஆறு பேர் சம்பளம், அவனுடையதும் சேர்த்து, ஐந்தரை இலட்சம். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் 82,500. குறுஞ்செய்திக்கும், டொலரில் கட்டும் சேர்வர் வாடகைக்கும் ஓர் இலட்சத்துக்கு மேல். கட்டடம், மின்சாரம், பயணம் என்று இன்னொரு எண்பத்தைந்தாயிரம். மிஞ்சுவது ஒரு இலட்சத்தை ஒட்டி. ஒவ்வொரு மாதமும் பத்துப் பன்னிரண்டு கடைகள் கட்டணத்தை இழுத்தடிக்கும் என்பதால் சில மாதம் அதுவும் இல்லை. பழைய கம்பனியிலேயே இருந்திருந்தால் அவன் கைக்கு இதைவிட அதிகம் வந்திருக்கும். பெரிய பணம் எதிர்பார்த்து மகனை இதில் விடுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறைக்கு இரு முறை பார்க்க வேண்டும்.

கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். பிள்ளையிடம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதீர்கள், பதினொரு பதில் வரும். யாருடைய கடையில் எந்தப் பெட்டியைப் பார்த்தாய் என்று கேளுங்கள். பார்த்திராவிட்டால் காசு கொடுக்கும் முன் உங்கள் கடையிலோ நண்பர் கடையிலோ ஒரு மாதம் உட்கார வையுங்கள். பார்த்திருந்தால், பதினெட்டு மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள். அரைகுறையாகக் கொடுத்தால் ஏழாம் மாதத்திலேயே கல்யாண வீடியோ வெட்டத் தொடங்கிவிடுவான். இன்னொன்று, செய்த மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்குப் பதிப்புரிமை தருகிறது. ஆனால் மாற்றம் செய்யக் காசு கொடுத்த வாடிக்கையாளர் முழுவதும் தன்னுடையது என்று வந்து நின்றபோது, எங்களைக் காப்பாற்றியது பில்லின் அடியில் இருந்த ஒரு வரிதான்.

என் கடையும் அந்த 210இல் ஒன்று. பங்காளிக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்குள் கட்ட வேண்டும். போன மாதம் நான் பிந்திவிட்டேன். ஏழாம் திகதி காலை எட்டு மணிக்கு எனக்கும் குறுஞ்செய்தி வந்தது. தமிழில், எழுபது எழுத்துக்குள்.